மூலம், கடைசிப் பாதம்

2009இல் சிதம்பரத்தில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் எனக்கு வேலை கிடைத்தது. விண்ணில் ஏவப்போகும் தொலைநோக்கி எந்த நட்சத்திரத்தைப் பார்க்கலாம் என்று முன்கூட்டியே கணினியில் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள். வெளிச்சம் அதிகமான நட்சத்திரம் பட்டால் கருவி கெட்டுவிடும். அப்படிப்பட்டதைக் கொடுத்தால் திரையில் சிவப்பாக ‘கூடாது’ என்று வரவேண்டும். அதை எழுதுவதுதான் என் வேலை. கடலூரிலிருந்து தினமும் பஸ்.

வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, “பொண்ணு கம்ப்யூட்டர்ல நட்சத்திரம் பாக்குது” என்று தரகரிடம் சொல்லிவைத்தார். நெல்லிக்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், நான் ஜாதகக் கடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டே வந்தார்கள்.

என் நட்சத்திரம் மூலம், கடைசிப் பாதம். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாதாம். அதற்காகவே முன்பு வந்த இடங்கள் தட்டிப்போயின. இந்த முறை மாமா பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளி, பூராடம் என்று ஜாதகம் அடித்துவிட்டார். “நர்ஸு கடியாரம் ஸ்லோவா இருந்திருக்கும், உடு” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. சர்க்கரை ஆலையில் வேலை. என் வேலை என்னவென்று அவர் ஒருவர்தான் ஒழுங்காகக் கேட்டார். கெட்டுப்போனால் மேலே போய் யார் ரிப்பேர் செய்வது என்றும் கேட்டார்.

அவருடைய அப்பா பஜ்ஜியை மென்றுகொண்டே, “உன் நட்சத்திரத்த அதுல போட்டுப் பாத்தியாம்மா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

“பாத்தேங்க. மூலம். கூடாதுன்னு வந்துச்சு.”

பொய் இல்லை. விருச்சிகத்தின் வாலில் இருக்கும் அந்த நட்சத்திரத்தை வைத்துத்தான் அப்போது சோதித்துக்கொண்டிருந்தோம். ஏன் சொன்னேன் என்று கேட்டால் பெரிய காரணமெல்லாம் கிடையாது. அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

காபி ஆறிக் கிடந்தது. அவர்கள் எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளை குனிந்து செருப்பு மாட்டினார்; நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஒரு பாதம் தள்ளிப் போட்டதுக்கு வாய மூடிக்கினு இருக்க முடியல உனக்கு” என்றார் மாமா.

மறுநாள் திட்டத்தை நடத்தும் பேராசிரியர் திரையில் அந்தச் சிவப்பைப் பார்த்தார். வாலைச் சுற்றியுள்ள மற்ற நட்சத்திரங்கள் வேண்டுமே, தொலைநோக்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார் என்றார். தள்ளினேன். அந்த ஒன்று மட்டும் வெளியே போனது. பச்சை வந்தது.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. தூங்கிவிட்டேன்.