எங்கள் போத்தலில் இல்லாத புளி

நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. ஆனால் ஏழு வருடமாக ஸ்டேக்குக்கு ஊற்றிச் சாப்பிடுகிற சோஸைப் போத்தலில் அடைப்பதுதான் என் வேலை. பிரெஞ்சு பேசுகிற எங்கள் நகரத்தில், சென்ட் லோரன்ட் பகுதியில் இருக்கிற அந்தத் தொழிற்சாலை ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்காக, அதன் பெயர் போட்ட லேபிளை ஒட்டி, கெட்சப், கடுகு சோஸ், ஸ்டேக் சோஸ் எல்லாம் செய்கிறது. என் இடம் மூடி இறுக்குகிற மெஷினுக்குப் பக்கத்தில். சரியாக இறுகாத போத்தலைக் கண்டால் எடுத்துவிட வேண்டும். எட்டு மணித்தியாலம் நின்றால் வினாகிரி மணம் தலைமுடிக்குள் ஏறிவிடும். இரண்டு தரம் முழுகினாலும் போகாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெப்ரவரி வெள்ளிக்கிழமை, மேற்பார்வையாளர் மெஷின்களை நிறுத்தச் சொல்லி எங்களைச் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்களில் இரண்டு சோஸ். பக்கத்தில் வாட்டின இறைச்சித் துண்டுகள்.

"ஒன்று எங்களுடையது, மற்றது எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பெரிய பெயர்," என்றார். "எங்களுடையது தோற்றுக்கொண்டே இருக்கிறது. மாற்றாவிட்டால் வேறு தொழிற்சாலையைப் பார்ப்போம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்கள். எது நல்லது, ஏன் என்று நீங்கள் சொல்லுங்கள்."

என் முறை வந்ததும் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்றேன்.

"அப்படியென்றால் நீங்கள் திரும்பிப் போகலாம்," என்றார். அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சூடேறியது. ஐந்து வருடமாக என் கை பட்டு மூடி இறுகிப் போகிற சாமான். ஒருநாள்கூட அதை வாயில் வைத்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் போகவில்லை. ஒரு கரண்டியை எடுத்தேன்.

"இறைச்சி வேண்டாம். சோஸ் மட்டும்."

முதல் கிண்ணம்: இனிப்பு, தக்காளி, மிளகு, மூக்கில் குத்துகிற வினாகிரி. விழுங்கியதோடு எல்லாம் முடிந்துபோனது. இரண்டாவது கிண்ணமும் அப்படியே தொடங்கியது. ஆனால் விழுங்கிய பிறகு காதடியில் ஒரு புளிப்பு எழும்பி, வாயெல்லாம் நீர் ஊறியது. அந்தப் புளிப்பு போகாமல் நின்றது. யோசிக்கவே தேவையில்லை. பழப்புளி.

"இதில் ஒரு பழம் இருக்கிறது, அதில் இல்லை," என்றேன். பிரெஞ்சில் அதன் பெயர் தெரியவில்லை. "மண்ணிறம். கொட்டை இருக்கும். புளிக்கும்."

"பேரீச்சம்பழமா?" என்று கேட்டார். இரண்டு பேர் சிரித்தார்கள். இல்லை என்று தலையாட்டினேன். அவர் தன் தாளில் 'இனிப்பு அதிகம்' என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைப் பார்த்தார்.

திரும்பிப் போகிறபோது, பெட்டி அடுக்குகிற அண்ணை பக்கத்தில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எனக்கு அந்த வேலையைக் கேட்டு எடுத்துத் தந்தவர்.

"பிள்ளை, உமக்கேன் இந்தச் சோலி? சரியா வந்தா அவைக்குப் பேர். பிழைச்சா உமக்குப் பேச்சு."

"மெஷின் லைன் நிண்டுபோனா உங்களுக்கும் எனக்கும் தானே அண்ணை வேலை இல்லை."

"ஓம், அது சரிதான்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எண்டாலும் எனக்கு எங்கட சோஸ்தான் பிடிச்சது," என்றார்.

வேலை முடிந்து வருகிற வழியில் இரண்டு போத்தலையும் வாங்கினேன். பெயர்போன சோஸின் லேபிளில் கடைசியில் 'மசாலாக்கள், சுவையூட்டிகள்' என்று மட்டும் இருந்தது. புளி என்ற சொல்லே இல்லை. அது எனக்கு உதவாது. நானேதான் காட்ட வேண்டும்.

கணவருக்குத் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை. வந்து உடுப்பு மாற்றுவதற்குள் அவரைக் குசினியில் இருத்தி, பொரித்த உருளைக்கிழங்கையும் இரண்டு சோஸையும் முன்னால் வைத்தேன்.

"கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டுச் சொல்லுங்கோ."

"ரெண்டும் ஒண்டுதான்."

"இன்னொருக்கால் வடிவாப் பாருங்கோ."

அவர் பெருமூச்சு விட்டார். "நீர் சாப்பிடாத சாமானுக்கு ஏனப்பா இவ்வளவு மினைக்கெடுறீர்?" என்றபடி இரண்டாவதைத் தொட்டு வாயில் வைத்தார். மென்றார். கண்ணைத் திறந்தார். "இது ஏதோ எங்கட மீன்குழம்பு மாதிரிக் கிடக்கு."

எனக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்படியில்தான் நின்றேன். முதலில் போத்தலில் வருகிற புளிச்சாற்றை எங்கள் சோஸில் கலந்தேன். கரிப்பிடித்த மாதிரிக் கசந்தது. அதை ஊற்றிவிட்டு, கட்டிப் புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடித்தேன். சோஸ் தண்ணியாகப் போனது. அடுத்த தரம் கரைசலைத் தனியாக வற்றவைத்துக் கலந்தேன். பல்லுக் கூசியது. நாலாவது தரம் புளியைப் பாதியாகக் குறைத்து, கடைசியில் சேர்த்து, ஒரு கொதியோடு இறக்கினேன். கணவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கடையில வாங்கினதுதானே?" என்றார். சின்ன ஜாம் போத்தலில் அதை அடைத்தேன்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஒரே ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். 'இல் மாங்க் து தமாரென்.' புளி இல்லாததுதான் குறை என்று அர்த்தம். சொல்லைப் போனில் தேடி எடுத்திருந்தேன். மேற்பார்வையாளரிடம் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். சோஸின் அளவுகளை வைத்திருப்பவர் ஆய்வுகூடத்துப் பெண்மணி. அவரோடு 'பொன்ஜூர்' தவிர நான் எதுவும் கதைத்ததில்லை. வீட்டுச் சாப்பாட்டை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் வேலைக்கு அரை மணித்தியாலம் முந்தியே போய், கார்கள் நிற்கிற இடத்தில் பனிக்குள் நின்றேன். போத்தலை ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன், உறைந்துவிடக் கூடாதே என்று.

அவர் காரை விட்டு இறங்கியதும் முன்னால் போய் வசனத்தைச் சொன்னேன்.

"தமாரென்?" என்று திருப்பிக் கேட்டார். விளங்கவில்லையோ என்று பயந்து, போத்தலையும் கரண்டியையும் நீட்டினேன். கையுறையைக் கழற்றி ஒரு கரண்டி எடுத்தார். இன்னொரு கரண்டி. பிறகு மூன்றாவது.

"இதை யார் சொன்னார்கள் உங்களுக்கு?"

"என் நாக்கு," என்றேன். அந்தப் பிரெஞ்சுச் சொல் எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இரண்டு நாளில் அவர் ஒரு பழைய கோப்போடு என் மெஷினுக்கே வந்தார். நாங்கள் இருவரும் அங்கே சேர்வதற்கு முன்பு எழுதிய சோஸின் முதல் அளவுப்பட்டியல் அது. ஆறாவது வரியில் புளி. அதை வெட்டிப் பேனாவால் ஒரு கோடு. ஏதோ ஒரு குளிர்காலத்தில் புளி வந்து சேரப் பிந்தியதாம். வினாகிரியைக் கூட்டிச் சமாளித்திருக்கிறார்கள். பிறகு யாரும் அதைத் திரும்பச் சேர்க்கவில்லை. "எங்களுடைய சோஸ் ஒருகாலத்தில் நன்றாகத்தான் இருந்திருக்கிறது," என்றார். எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் ஒருவரும் ருசி பார்க்கவில்லையா? நான் பார்த்தேனா என்ன?

சின்ன அண்டாவில் புதிதாகக் காய்ச்சினார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். முதலாவதை ருசித்துவிட்டுச் சரியில்லை என்றேன். இரண்டாவதும் சரியில்லை என்றேன். புளியைத் தொடக்கத்திலேயே போட்டு நெடுநேரம் காய்ச்சியிருந்தார்கள்.

"இது போதும்," என்றார் மேற்பார்வையாளர்.

"போதாது. கடைசியில் போட வேண்டும்."

அந்தக் கட்டடத்தில் அவ்வளவு சத்தமாக நான் கதைத்தது அதுதான் முதல் தடவை. அவர் ஆய்வுகூடத்துப் பெண்மணியைப் பார்த்தார். பெண்மணி தோளை உயர்த்திவிட்டுத் திரும்பவும் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். மூன்றாவதுக்குத் தலையாட்டினேன்.

கடைக்காரர் எங்கள் சோஸ் வென்றது என்று சொல்லவில்லை. போத்தலை மறைத்துவிட்டால் எது எதென்று தங்களுக்குப் பிடிபடவில்லை என்றுதான் சொன்னார்களாம். லைன் நிற்கவில்லை. மேற்பார்வையாளர் ஒருநாள் மெஷினடியில் நின்று, சத்தத்துக்கு மேலால், "நீங்கள் சொன்னது சரி," என்றார்.

"அப்படியென்றால் ஒவ்வொரு மாதமும் ருசி பார்க்க வையுங்கள், அந்த மேசைக்கு என்னையும் கூப்பிடுங்கள். இறைச்சி இல்லாமல்," என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். யோசிக்கட்டும் என்று நின்றேன். சரி என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. போன கிழமை கடுகு சோஸ் வைத்தார்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். கடைசியில் ஒரு கசப்பு நிற்கிறது, கடுகு அரைத்த விதம் பிழை என்றேன். ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. நேற்று இரவு கடுகு ஊறப்போட்டிருக்கிறேன்.