ஏரலுக்குப் பன்னிரண்டு வருடம் தாமதமாக

ஏப்ரல் மாதத்தின் இரண்டாவது வெள்ளியும் சனியும் திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், கொற்கை, திருச்செந்தூர் என்று தாமிரபரணியை ஒட்டியே கீழே இறங்கிப் போய்விட்டு வந்தேன். போக ஒரு இரவு ரயில், திரும்ப ஒரு இரவு ரயில், நடுவில் இரண்டு பகல். தங்கும் அறையையும் சேர்த்து மொத்தம் மூவாயிரத்து இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. இந்த வழியில் போக நினைக்கிறவர்களுக்காக நேரமும் கட்டணமும் சரியாகவே கொடுக்கிறேன். ஆனால் நான் ஊர் பார்க்கப் போகவில்லை. ஒரு பெண்ணைக் கூட்டிவரப் போனேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் சென்னையில் ஒரு கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். வயது ஐம்பது. பாளையங்கோட்டையில் விளையாடி வளர்ந்தவள். அங்கே ஒரு பள்ளியில் தொகுப்பூதியத்தில் உடற்கல்வி ஆசிரியை, பிறகு ஒரு கல்லூரியில் உதவிப் பயிற்சியாளர், இருபத்தொன்பது வயதில் அதே கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளர். அங்கே ஒன்பது வருடம், கோயம்புத்தூரில் ஐந்து, சென்னையில் ஏழு. ஒவ்வொரு மாற்றத்திலும் சம்பளம் கூடியது, அணி பெரிதானது. பேட்டி எடுக்க வருகிறவர்களிடம் இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்லிவந்தேன்.

ஜனவரியில் திருச்சியில் நடந்த பள்ளிப் போட்டியில் இசக்கியம்மாளைப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு, ஐந்தடி பதினோரு அங்குலம். எனக்கு மனிதர்களில் முதலில் கண்ணில் படுவது உயரம், அடுத்தது முழங்கால், முகம் மூன்றாவதுதான். ரீபவுண்டில், அதாவது வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தைப் பிடித்தவள், அதைக் கீழே இறக்கவே இல்லை. நெற்றிக்கு மேலேயே வைத்துத் திரும்பினாள். அது தானாக வருவதில்லை, யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். யார் என்று அணிப் பட்டியலைப் பார்த்தேன். ஆசிரியை: முத்துச்செல்வி, ஏரல் பக்கம். நேரே போய்ப் பேசாமல், பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன்.

காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் முத்துச்செல்வியும் ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண்தான். பாளையங்கோட்டையில் நான் நடத்திய இரண்டு கோடை முகாம்களுக்கு வந்தவள். பந்தைக் கீழே இறக்காதே என்று அவளிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். மதுரையில் ஒரு கல்லூரி அவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கொடுத்தது. நான் ஏரலுக்குப் போய், வாழைத்தார் வியாபாரியான அவள் அப்பாவிடம், "மதுரையெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? நான் இருக்கேன்லா. சீட் என் பொறுப்பு" என்று சொன்னேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையை விளையாட அனுப்புவது விண்ணப்பத்தை நம்பி அல்ல, பயிற்சியாளர் சொல்லும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான். அவர் மதுரைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மே கடைசியில் எனக்குக் கோயம்புத்தூர் வேலை வந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்க வேண்டிய பிள்ளைகளின் பட்டியலைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். புதிதாக வந்தவர் தன் பட்டியலோடு வந்தார். முத்துச்செல்வியின் பெயர் விடுபட்டது எனக்கு ஜூன் இரண்டாம் வாரமே தெரியும். என்ன சொல்வது என்று தெரியாமல் போன் செய்யாமல் இருந்துவிட்டேன்.

இந்த மார்ச்சில் ஒருவழியாக அவளுக்குப் போன் செய்து, இசக்கியைச் சென்னைக்கு அனுப்புவாயா என்று கேட்டேன். "வாங்க மேடம், வந்து பாருங்க" என்றாள். டிக்கெட் எடுத்தேன். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சி மையத்தின் நியமனக் கடிதம் வந்தது. ஜூலையில் சேர வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை, பயணத்தையும் ரத்து செய்யவில்லை. நான் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, கல்லூரி அங்கேயேதானே இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திருநெல்வேலிச் சந்திப்பில் வண்டி நுழைந்தபோது காலை 7.10. இரண்டாம் வகுப்புப் படுக்கை 405 ரூபாய். ஸ்டேஷனுக்கு எதிரே இட்லி, வடை, காபி 85 ரூபாய். அல்வாவைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் எழுதப் போவதில்லை. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பாளையங்கோட்டை ஆறு கிலோமீட்டர். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பழைய கல்லூரியின் வாசலில் காவலாளி நிறுத்தினார்.

"யாரப் பாக்கணும்?"

"முன்னால இங்க கோச்சா இருந்தேன். கிரவுண்ட ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிருதேன்."

"எந்த வருசம்? எனக்குத் தெரியலையே மேடம். உள்ள பிள்ளைகளுக்குப் பரிட்சை நடக்கு. இங்கன நின்னே பாத்துக்கிடுங்க."

கம்பி வழியாகப் பார்த்தேன். தரைக்கு நீலப் பூச்சு அடித்திருக்கிறார்கள். நாங்கள் சிமென்ட் தரையில் முழங்காலைத் தேய்த்த இடம். ஒன்பது வருடம் வேலை பார்த்த இடத்தில் என்னைத் தெரிந்த ஒரு ஆளும் இல்லை என்பது சுருக்கென்றது. அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்? யாரிடமும் சொல்லாமல் கிளம்பியது நான்தானே.

சந்திப்புக்குத் திரும்பினேன். அங்கிருந்து திருச்செந்தூர் பாசஞ்சர் 10.20-க்கு. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பத்து ரூபாய், சுமார் முப்பது கிலோமீட்டர், நாற்பது நிமிடம். இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், ஆற்றுப்பக்கம் அதுதான். ஏப்ரலில் ஆற்றில் தண்ணீர் குறைவு, ஆனால் வாய்க்காலை ஒட்டிய வாழை பச்சையாகவே இருந்தது. ஸ்டேஷன் தென்கரையில், ஊர் வடகரையில். பஸ் நிலையத்துக்கு ஆட்டோ 80 ரூபாய். ஆற்றின் கடைசி அணை இங்கேதான். அங்கிருந்து ஏரலுக்கு டவுன் பஸ், முப்பத்தைந்து நிமிடம். பகல் ஒன்றேகாலுக்கு ஏரலில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, 100 ரூபாய். விரால் மீன் குழம்பு கேட்டால் கொடுப்பார்கள்.

பள்ளிக்கு நான்கு மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தாள் முத்துச்செல்வி. பயத்தில் நேரத்தைக் கடத்தக் கொற்கைக்குப் போனேன். ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொற்கையா? அங்கன என்னத்தப் பாக்கப் போறிய? ஒரு குளம், ஒரு வன்னிமரம். கடலு போயி எம்புட்டோ காலமாச்சு."

"இருந்தாலும் போவோம். எவ்வளவு?"

"எரநூறு குடுங்க. நின்னு கூட்டியாந்துருதேன். வெயிலு கூடுதலா இருக்கு, பைய நடங்க."

அவர் சொன்னது சரிதான். பாண்டியர்களின் துறைமுகம் இருந்த இடத்தில் வயல், குளம், கோவில், மரம். கப்பல் நின்ற இடம் இது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. படித்துவிட்டுப் போனால் பிடிக்கும், சும்மா போனால் இருபது நிமிடத்தில் அலுத்துவிடும். நான் மரத்தடியில் உட்கார்ந்து முத்துச்செல்வியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் உருப்படியாக வரவில்லை.

பள்ளி மைதானம் செம்மண் தரை. ஒரே ஒரு கம்பம், வலை இல்லாத வளையம். முத்துச்செல்விக்கு இப்போது இருபத்தொன்பது. கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள், கழுத்தில் விசில். அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, அப்புறம் உடற்கல்வி படித்து, ஐந்து வருடமாக இங்கே வேலை. கல்லூரி அணியில் ஒரு நாள்கூட ஆடியதில்லை. "வாங்க மேடம். வெயில்ல வந்திருக்கிய, மொதல்ல தண்ணி குடிங்க" என்றாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இசக்கி முக்கால் மணி நேரம் ஆடினாள். இடது கை மட்டம்தான், ஆறு மாதத்தில் சரிசெய்துவிடலாம். மற்றபடி அப்படி ஒரு பிள்ளை பத்து வருடத்துக்கு ஒருமுறை கிடைத்தால் பெரிது. நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். கைதட்டினேன், கத்தினேன், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கால் வைக்கும் முறையைக் காட்டினேன். இசக்கியின் அம்மா வாழைத்தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர். அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். ஆட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுல யாரும் மெட்ராசுக்குப் போனதில்ல மேடம். உங்கள நம்பித்தான் அனுப்புதேன். பிள்ள இனி உங்க பொறுப்பு, என்னா?"

தலையை ஆட்டப் போனேன். உண்மையாகவே ஆட்டப் போனேன்.

"யக்கா, கொஞ்சம் பொறுங்க" என்றாள் முத்துச்செல்வி. பிறகு என்னைப் பார்த்து, "மேடம், நீங்க அங்கன இன்னும் எத்தன வருசம் இருப்பிய?"

வந்து சேர்வதற்குள் எதையெதையோ ஒத்திகை பார்த்திருந்தேன், இந்தக் கேள்வியைத் தவிர. மூன்று வருடம் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா நம்பியிருப்பார். அவர் இன்னும் என் கையை விடவில்லை.

"ஜூன் வரைக்கும்தான்" என்றேன். "பெங்களூர்ல வேல வந்திருக்கு. போயிருவேன்னுதான் நெனைக்கேன்."

அந்த அம்மா கையை விட்டார். முத்துச்செல்வி அதிர்ச்சி அடைந்த மாதிரியே தெரியவில்லை.

"இதத்தான மேடம் அன்னைக்கும் சொல்லியிருக்கணும்? ஒத்த போன். நான் போறேன், நீ மதுரைக்குப் போயிருளான்னு ஒரு வார்த்த. ஜூன் கடைசி வரைக்கும் மதுரையில எடம் இருந்துச்சு. எங்கப்பா சாகுத வரைக்கும் உங்கள ஒரு சொல்லு சொல்லல. அவியளுக்கு ஏதோ சிக்கல், கூப்பிடுவாவ, கூப்பிடுவாவன்னே இருந்தாவ. நான் போனப் பக்கத்துல வச்சிட்டே கெடந்தேன்."

"தப்புதான் முத்துச்செல்வி."

"இருக்கட்டும். இப்ப அங்கன இருக்க பிள்ளைகளுக்குத் தெரியுமா, நீங்க போறது?"

"யாருக்கும் தெரியாது."

அவள் கூடையில் பந்துகளைப் பொறுக்கிப் போட்டாள். நானும் இரண்டு பந்து எடுத்துக் கொடுத்தேன். கடைசியில், "இசக்கி எங்கன போனா அவளுக்கு நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

மதுரை என்றேன். அங்கே இருக்கும் பயிற்சியாளர் பத்தொன்பது வருடமாக அதே கல்லூரியில் இருக்கிறார். எங்கள் வட்டாரத்தில் அவரை நட்டுவைத்த கம்பம் என்று கேலி செய்வோம். நானும் சிரித்தவள்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் முத்துச்செல்விக்கு இடம் கொடுத்ததும் அவர்தான்.

மாலை 6 மணிக்கு ஏரலிலிருந்து திருச்செந்தூருக்குப் பஸ், குரும்பூர் வழியாக ஒரு மணி நேரம், 30 ரூபாய். கோவிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஏசி இல்லாத அறை 1,200 ரூபாய். வெள்ளி, சனியில் கூட்டம் நெருக்கும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தரிசனத்துக்குக் காலை ஐந்தரைக்கே வரிசையில் நின்றுவிட்டால் வெயிலுக்குத் தப்பலாம். சென்னை திரும்ப இங்கிருந்தே மாலையில் ரயில் இருக்கிறது. இன்னொரு நாள் கையில் இருந்தால் ஆற்றின் மேல்பக்கம் அம்பாசமுத்திரம் வழியாக மணிமுத்தாறு போகலாம். அருவியில் குளிக்க அனுமதி உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ரயில், பஸ் நேரங்கள் மாறும், நான் எழுதியதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம்.

பெங்களூருக்குப் போகத்தான் போகிறேன். முத்துச்செல்வி கேட்டதால் திருந்தி, வேலையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் இந்தக் கட்டுரை நன்றாக இருக்கும், ஆனால் பொய்யாகிவிடும். என் தொழிலில் மேலே போகிறவர்கள் ஊர் மாறத்தான் செய்வார்கள். போனது அல்ல என் தவறு, சொல்லாமல் போனது. அதனால் அவளுக்குப் போன வருடங்களை நான் எங்கிருந்து கொண்டுவந்து கொடுப்பது?

சனிக்கிழமை காலை 9.40. கடற்கரையில் ஒரு சிமென்ட் திண்டில் உட்கார்ந்து மதுரைக்குப் போன் செய்தேன். இசக்கியைப் பற்றிச் சொன்னேன். "அனுப்பி வைங்க, பாக்குறேன்" என்றார் மதுரைப் பயிற்சியாளர். பிறகு, "முன்னாடி ஏரல்லேருந்து ஒரு பொண்ணு வர்றேன்னுட்டு வராமப் போயிட்டா. ரொம்ப நாள் அவ எடத்துல யாரையும் போடாம வச்சிருந்தேன்" என்றார். அவள் வராததற்குக் காரணம் நான்தான் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால், பேசியது மொத்தம் நான்கு நிமிடம்.

என் சென்னை அணியில் முதல் வருடப் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவரும் என் வார்த்தையை நம்பி வந்தவர்கள். ஒருத்தியின் அப்பா தேனியில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். அடுத்து அவர் எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க மேடம்" என்றார், குரலில் அவ்வளவு மரியாதையோடு.

சொன்னேன்.