வெள்ளைக்காரக் காக்காவின் வீடு

துபாயில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து புதிதாக ஒருவன் வந்து இறங்கினால், வேலை கிடைக்கும்வரை அவன் படுக்க யாராவது ரூமில் இடம் கொடுத்தாக வேண்டும். இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு பாய் விரித்தால் போதும். யார் மகன் என்று கேட்போம். எத்தனை நாள் என்று கேட்பது அநாகரிகம். நானும் துபாயின் தேரா பகுதியில் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

இந்த வழக்கம் உலகம் முழுக்க உண்டென்று நம்பிய பைத்தியக்காரன் நான்.

எங்கள் அலுவலக மேலாளர் வெள்ளைக்காரர். அல் குசைஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒவ்வொரு ரமலானிலும் நோன்பு திறக்கிற நேரத்துக்கு வந்துவிடுவார். சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி நாங்கள் உட்காரும்போது, அவரும் கஷ்டப்பட்டு முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அதே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவார். இறைச்சியை என் மகன் பக்கம் தள்ளிவிடுவார். என் மனைவி அவரை வெள்ளைக்காரக் காக்கா என்பாள். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். அந்தப் பட்டத்தை அவள் லேசில் கொடுத்துவிடமாட்டாள். என் கூடப்பிறந்தவருக்கே யோசித்துத்தான் கொடுத்தாள்.

ஓய்வு பெற்று அவர் நாட்டுக்குக் கிளம்பிய அன்று, விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, "என் வீடு உன் மகன் வீடு" என்றார். பிறகு அவருடைய நகரத்திலேயே மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஹாஸ்டல் பார்க்கட்டுமா என்று அவன் கேட்டதற்குச் சத்தம் போட்டேன்.

"காக்கா வீடு இருக்கும்போது ஹாஸ்டல் எதுக்குடா? அவங்க மனசு என்ன பாடுபடும்?"

மேலாளரும் போனில் சந்தோஷமாகச் சம்மதித்தார். மனைவி அவருக்குப் பிடித்த தொதல் என்கிற இனிப்பைக் கிண்டி, நெய் வழிய வழியக் கொடுத்தனுப்பினாள்.

அமெரிக்காவில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பின் வந்த வருடங்கள் அவை. மேற்கே எங்கள் பெயர்கள் கெட்டுக் கிடந்தன. எங்கே குண்டு வெடித்தாலும், செய்தவன் நம்மாளாக இருக்கக் கூடாதே என்று துஆ கேட்டுக்கொண்டுதான் டிவி பார்ப்போம். ஆனால் மகன் பத்திரமான இடத்தில் இருக்கிறான் என்று நிம்மதியாக இருந்தேன்.

அங்கே அவன் மாடி அறையில் தொழுதான். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்குப் போனான். கூடப் படிக்கும் அரபிப் பையன்கள் இருவரை ஒருநாள் அழைத்து வந்தான். சில நாள் கழித்து ஒரு மத்தியானம் போலீஸ் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார்களாம். மரியாதையாகவே பெட்டியைக் கொட்டிக் கிளறினார்கள், லேப்டாப்பை எடுத்துக்கொண்டார்கள். விடிவதற்கு முன் மாடியில் யாரோடு அரபியில் பேசுகிறாய் என்று கேட்டார்களாம். மகன் போனில் சொன்னான்.

"நான் குர்ஆன் ஓதுனதுதான் வாப்பா. அது வீட்டுக்குள்ள இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் கேக்கும். போலீசுக்கு எப்படித் தெரியும்?"

எங்கள் வீட்டில் மஃரிப் தொழும்போதெல்லாம் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதே ஓதலைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த மனிதர்.

உடனே அவருக்குப் போன் செய்தேன். அவர் மறுக்கவே இல்லை. "தப்பாக நினைக்காதே. இங்கே நிலைமை உனக்குத் தெரியாது. அக்கம்பக்கத்தில் பேசுகிறார்கள். எதற்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன், அவ்வளவுதான். நீ நல்ல முஸ்லிம் என்று எனக்குத் தெரியாதா?"

அந்த நல்ல முஸ்லிம் என்ற வார்த்தையில்தான் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்படியானால் என் மகன் யார்? அவர் கண்முன்னே வளர்ந்த பிள்ளை ஐயா அவன்! நம்பவைத்துக் கழுத்தறுத்தான் என்பார்கள். இங்கே அறுபட்டது என் கழுத்துகூட இல்லை, பிள்ளையுடையது.

மனைவி கேட்டாள். "நம்ம புள்ளைட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டாஹளா?"

இல்லை, கேட்கவில்லை.

அந்த நகரத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு இருப்பதை விசாரித்து, மகனைக் கூப்பிட்டேன். "நம்மாளுதான், தங்கமான மனுஷன். நீ இன்னிக்கே அங்க போயிடு" என்றேன்.

"ரூம் பாத்துட்டேன் வாப்பா. வீட்டுக்காரங்க யாருன்னே எனக்குத் தெரியாது, என்னையும் அவங்களுக்குத் தெரியாது. அது போதும். இனிமே தெரிஞ்சவங்க வேண்டாம் வாப்பா."