ஆளுக்கு ஒரு வாளி

பிள்ளைகளே, ரொறன்ரோவிலிருந்து வேலை விஷயமாக மொன்ட்ரியால் வந்த நான், இங்கே லாசால் என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நிற்கிறேன். ஐஸில் சறுக்கியபடி விளையாடும் ஹொக்கிக்கு இங்கே பழைய கழகம் ஒன்று இருக்கிறது. அது தொடங்கிய காலத்தில் அரங்கம் இல்லை. அப்பாமார் ஊற்றிய தண்ணீர் உறைந்துதான் ஆடுகளம் ஆனதாம். இப்போது அரங்கம் உண்டு. ஆனாலும் பனிக்காலத் தொடக்கத்தில், அப்பாமார் ஆளுக்கு ஒரு வாளி இங்கே ஊற்றுகிறார்கள்.

கழகத்தில் விளையாடும் பெண்ணின் அப்பா, என் நண்பர் ரவி, எனக்கும் ஒரு வாளி தருகிறார்.

"என்ர பிள்ளையள் திருகோணமலையில எல்லோ?" என்கிறேன்.

"வீசா கிடைச்சா வருவினம்தானே. ஊத்துங்கோ அண்ணை."

ஊற்றுகிறேன். ரவி சிரிக்கிறார்.

"வாழைக்கு ஊத்திற மாதிரி ஒரே இடத்தில ஊத்தாதேங்கோ. திட்டா உறைஞ்சா பிள்ளையள் தடக்கி விழுவினம்."

உடனே குனிந்து, உறைவதற்குள் தண்ணீரைக் கையாலேயே தள்ளிப் பரப்புகிறேன். விரல்கள் விறைக்கின்றன. நீங்கள் விழுந்துவிடக் கூடாது.

தண்ணீர் உறைந்து இறுகிய பிறகு ரவியின் மகள் அந்த இடத்தைத் தடக்காமல் கடந்து போகிறாள். அவளுக்குப் பின்னால் நீங்கள் இருவரும் வருகிறீர்களா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.