தூசி மிஷினின் வயது

ஒரு தூசி மிஷினின் வயதைக் கூட்டிச் சொல்லி, சவரிமுத்து என்ற நல்ல மனிதரின் பிழைப்பைக் கெடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பேச்சு வேறெங்காவது திரும்பினால் சொல்லாமலே தப்பித்துவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

போன வாரம் டை கட்டிய விற்பனைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, மெத்தைத் தூசியை ஒரு மிஷினால் உறிஞ்சிக் காட்டினார். அவர் அசந்த நேரத்தில் நான் அதைக் கவிழ்த்து, நெற்றி விபூதியை வழித்து அடியில் தேய்த்தேன்.

“மாமா, மிஷினுக்கு எதுக்கு விபூதி?” என்றாள் மருமகள்.

“நம்பர் பாக்கத்தான்.”

நம்பர் தகடு இல்லை. கோடுகோடாக ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதுவும் பாதி என் விரலோடு வந்துவிட்டது. அந்த மனிதர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

இந்த விபூதி வித்தையை நான் பழகியது யுத்த காலத்தில், புதுக்கோட்டையில். இண்டர்மீடியட் முடித்து ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அவருக்குச் சீமைச் சாமான் என்றால் உயிர். ஊரில் பல வீடுகளில் மின்விளக்கே இல்லாதபோது அவர் ஆபீஸ் அறையில் கம்பளமும், அதைச் சுத்தம் செய்யத் தூசி மிஷினும் இருந்தன. மிஷினைக் கொண்டுவந்தவர் சவரிமுத்து. ஆவூர்க்காரர், வயரிங் வேலை செய்பவர். திருச்சியில் ஒரு துரை ஊருக்குப் போகும்போது விற்றதை வாங்கிவந்து, “ரெண்டே வருஷம் ஓடுனதுங்க” என்று கொடுத்தார்.

பிறகு மிஷின் கம்பெனியிலிருந்து ஒரு சின்னப் புத்தகம் தபாலில் வந்தது. எந்த நம்பர் முதல் எந்த நம்பர் வரை எந்த வருஷத்து மிஷின் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல். பொடி எழுத்து வக்கீல் கண்ணுக்குத் தெரியாது. அது என் சொத்தாயிற்று. தகட்டில் நம்பர் தேய்ந்திருந்தால் விபூதியைத் தேய்ப்பேன், பள்ளத்தில் வெள்ளை தங்கி எண்கள் பளிச்சென்று எழுந்துவரும். பிறகு ஊரில் ஒரு மின்விசிறி, ஒரு தையல் மிஷின் விடவில்லை. அந்தப் பட்டியல் மற்ற கம்பெனிகளுக்குப் பொருந்தாது. அதனாலென்ன? முகத்தை இறுக்கிக்கொண்டு ஏதோ ஒரு வருஷத்தைச் சொல்வேன். எல்லோரும் நம்பினார்கள்.

சவரிமுத்துதான் கேலி செய்வார். “என்ன தம்பி, மிஷினுக்கும் பட்டை போட்டாச்சா? எங்க கோயில் மணிப் பக்கம் வந்துறாதீங்க!”

அவர் சொன்ன கணக்கு சரி என்பதை நம்பர் காட்டியது. இரண்டே வருஷம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

ஒரு நாள் வக்கீல் கோர்ட்டுக்குப் போயிருந்தார். மைக்கூட்டைக் கம்பளத்தில் கவிழ்த்துவிட்டேன். தூசியை உறிஞ்சுவது மையை உறிஞ்சாதா என்று படித்த மூளை கேட்டது. உறிஞ்சியது. ஒரு நொடிதான். பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம், நீலப் புகை, கருகிய அரக்கு நாற்றம். இன்றைக்கும் மிக்ஸி சூடேறி வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். கறையின் மேல் மேஜையை நகர்த்திப் போட்டேன். வக்கீல் வந்ததும், “மிஷின் தானா நின்னுபோச்சு. நம்பரப் பார்த்தேன், பன்னெண்டு வருஷத்துப் பழசு” என்றேன்.

சவரிமுத்துவுக்கு ஆள் போயிற்று.

“ஏய்யா, கெழட்டு மிஷினை எந்தலைல கட்டிட்டியே!”

“மாதா சத்தியமா ரெண்டு வருஷந்தாங்க.”

“நம்பர் பொய் சொல்லுமா?”

“நம்பர் பொய் சொல்லாதுங்க” என்றார் சவரிமுத்து, என்னைப் பார்த்து.

மிஷினைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவழியே நடந்துபோனார். அதற்குப்பின் புதுக்கோட்டையில் ஒரு வீடும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

எனக்கு வாய் திறக்க இரண்டு வருஷம் பிடித்தது. வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேஜையை நகர்த்தச் சொல்லிக் கறையை வெகுநேரம் பார்த்தார். நான் செய்ததைச் சொல்லி, சவரிமுத்து குற்றமற்றவர் என்றும் தான் அவரிடம் மன்னிப்புக் கேட்பதாகவும் ஒரு கடிதம் எழுதினார். “இதக் கொண்டுபோய்க் குடு. அப்புறம் இங்கிட்டு வராத.”

கீரனூர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, மீதித் தூரம் நடந்தேன். சவரிமுத்து வாசலில் ஜெபப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன்.

“நீங்களே படிங்க தம்பி. நம்பரெல்லாம் படிச்சவரு.”

படித்தேன். உள்ளே போய் மிஷினின் துணிப்பையை எடுத்துவந்து விரித்தார். முழுக்க நீலம்.

“அப்பவே தெரியுமா? ஏன் சொல்லலீங்க?”

“சொன்னா யாரு நம்புறது? ஒங்க சொல்லுக்கு முன்னாடி எஞ்சொல்லு நிக்குமா?” பிறகு உள்ளே பார்த்து, “ஆத்தா, இங்கிட்டு வா! தம்பி ஒண்ணு படிக்கிறாரு” என்றார்.

ஆத்தாவுக்குப் படித்தேன். அடுத்த வீட்டில் படித்தேன். அந்தத் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. கடைசி வீட்டில் கடிதத்தைப் பார்க்காமலே ஒப்பித்தேன். சவரிமுத்து என் பக்கத்திலேயே நின்றார். எல்லாம் முடிந்ததும் மிஷினிலிருந்து நம்பர் தகட்டைக் கழற்றி என் கையில் வைத்தார்.

“புதுக்கோட்டைக்கு வாங்க, இனிமே வேலை குடுப்பாங்க” என்றேன்.

“வாரேன்” என்றார். வரவில்லை. திருச்சிப் பக்கமே வேலை பார்த்ததாகக் கேள்வி.

வக்கீல் வீடு இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை. கம்பளம் போன இடம் தெரியவில்லை. தகட்டையும் ஏதோ ஒரு வீடு மாற்றும்போது தொலைத்துவிட்டேன். நம்பர் மட்டும் மனப்பாடம். அந்த மிஷினின் வயதை இப்போது கேட்டால் சரியாகச் சொல்வேன். கேட்கத்தான் யாருமில்லை.