நரியை அழிப்பவர்

தென் லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், ஒரு தமிழ்க் கடை வாசலில் பஸ்ஸுக்காக நிற்கிறேன். வாழைப்பூப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், மடக்கு நாற்காலியில் ஒரு வயதான ஆங்கிலேயப் பெண்மணி உட்கார்ந்திருக்கிறார். மடியில் தடித்த அட்டையில் ஒரு படம்: மழைக்கோட்டு போட்ட நரி. என் மகளுக்குத் தினமும் வாசித்துக் காட்டிய கதைப் புத்தகத்தின் நரி அது. எட்டிப் பார்க்கிறேன். அச்சடித்தது அல்ல, கையால் வரைந்த மூலப் படம். அதன் மேல் அவர் வெள்ளைப் பெயின்ட் பூசிக்கொண்டிருக்கிறார். வால் ஏற்கெனவே போய்விட்டது.

"ஐயோ!" என்று கத்திவிடுகிறேன்.

கடைக்காரர் வெளியே ஓடி வருகிறார். "பதறாதேங்கோ அண்ணை. அந்த நரியைக் கீறினதே இவதான்."

"அவங்களே வரைஞ்சதுன்னா, அப்புறம் ஏன் அழிக்கிறாங்க?"

"ஆயுசு முழுக்கப் புத்தகக்காரர் கேட்டதைத்தான் கீறினவ. இனித் தனக்குப் பிடிச்சதைக் கீறப்போறாவாம். இண்டைக்கு அந்த அட்டையிலையே என்ரை கடையைக் கீறப்போறா."

புது அட்டை வாங்கித் தருகிறேன், இதை விட்டுவிடுங்கள் என்று அந்தப் பெண்மணியிடம் ஆங்கிலத்தில் கெஞ்சுகிறேன். அவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

"உங்கள் நரி எல்லா வீட்டிலும் இருக்கிறது. எனக்காக நான் வரைந்த படம் ஒன்றுகூட எங்கும் இல்லை."

காற்றில் அட்டை மடியிலிருந்து நழுவுகிறது. பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். மறுக்கத் தோன்றாமல் இரண்டு கைகளாலும் பிடிக்கிறேன். ஆடாமல் பிடிக்கும்படி மெதுவாகச் சொல்லிவிட்டு, அவர் நரியின் கண்ணில் தூரிகையை வைக்கிறார்.