மாடி அறையில் பாரீஸ்

வெயிலைப் பார்த்து ஏமாறக் கூடாது. பிரான்சுக்குக் குடிபோகிறவர்களுக்கு எங்கள் பெரியப்பா சொல்லும் முதல் புத்திமதி அதுதான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நம் ஊர் மாதிரியே பளீரென்று அடிக்குமாம். அதை நம்பி மெல்லிசுப் புடவையோடு தெருவில் இறங்கினால் குளிரில் காது இரண்டும் கழன்று கையில் வந்துவிடுமாம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். காது கழன்று வருவதை நம்பும் வயதில்லை. ஆனாலும் பெரியப்பா சொன்னதால் பாதி நம்பி வைத்தேன்.

பெரியப்பா என்றால் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன். பாரீசுக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில், சலவைக் கூடத்தில் வேலை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் லீவு விட்டதும் புதுச்சேரிக்கு வந்துவிடுவார். லீவு என்று நாம்தான் சொல்வோம், அவர் வக்கான்ஸ் என்பார். பெரியம்மா இங்கே லாஸ்பேட்டையில் தனியாக இருந்தாள். கல்யாணம் ஆன புதிதில் அவரோடு பிரான்சுக்குப் போய், பதினோராம் மாதமே திரும்பி வந்தவள். அதற்கப்புறம் அவர் எவ்வளவு கெஞ்சியும் போகவில்லை. அந்த வருத்தமோ என்னவோ, தெரிந்தவர் வீட்டுப் பெண் எவளாவது பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள் என்று கேள்விப்பட்டால், பெரியப்பா கூப்பிடாமலே போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்த வருஷம் எங்கள் வீட்டு முறை. கிளம்பியவள் என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. முப்பத்திரண்டு வயது வரைக்கும் வரன் தகையாமல், இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் ஓய்ந்துபோன சமயத்தில் வந்த சம்பந்தம். வைகாசியில் கல்யாணம், பத்து நாளில் மாப்பிள்ளை திரும்பிப் போய்விட்டார், ஆகஸ்டில் அத்தைக்கு விசாவும் வந்துவிட்டது. டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

நெல்லித்தோப்பில் எங்களுடையது கூட்டுக் குடும்பம். தாத்தா, அப்பா, அம்மா, வேலைக்குப் போகும் சித்தப்பாவும் சித்தியும், நான், என் தம்பி, சித்தப்பாவின் இரட்டைப் பிள்ளைகள், அப்புறம் அத்தை. பத்துப் பேருக்கும் அடுப்படியில் நின்றவர்கள் அம்மாவும் அத்தையும். அதுபோக தாத்தாவின் மாத்திரை, தண்ணீர் மோட்டார், எங்கள் தலைப்பின்னல், தொலைந்துபோன சாமான் எல்லாம் அத்தையின் இலாகா. வீட்டில் எது காணாமல் போனாலும் யாரும் தேடுவதில்லை. அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். ராத்திரி நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன். அவள் போகப்போகிறாள் என்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பெரியப்பாவின் புத்திமதிகள் வெறும் பேச்சோடு நிற்பவை அல்ல. கடைக்குள் நுழைந்ததும் முதலில் பொன்ழூர் சொல்லி வணக்கம் வைக்க வேண்டும், வைக்காமல் ரொட்டி கேட்டால் வீடு பற்றி எரிந்தாலும் பதில் சொல்ல மாட்டார்கள் என்றார். சொன்னதோடு விடாமல் கடற்கரைப் பக்கத்து பேக்கரி ஒன்றுக்கு அத்தையை அழைத்துப்போய்ச் சொல்லவும் வைத்தார். அத்தை நாலு தரம் எச்சில் விழுங்கி, ஒரு வழியாகப் பொன்ழூர் என்றாள். கடையில் நின்ற பெண் வில்லியனூர்க்காரி. "இன்னாக்கா வேணும்?" என்றாள். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பெரியப்பாவின் சிநேகிதர் ஒருவர் ஐஸ் பேக்டரியில் இருந்தார். குளிர் பழக வேண்டுமென்று அங்கேயும் அத்தையைக் கூட்டிப்போய், தன் கோட்டை மாட்டிவிட்டு, ஐஸ் பார்களுக்கு நடுவே கால் மணி நேரம் நிறுத்தினார். ஆடி முடிந்த வெயிலில் ஆனந்தமாக இருந்தது என்று அத்தை வந்து சொன்னாள்.

கரண்ட் பில் முதற்கொண்டு எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதே, அங்கே நீ இருக்கிறாய் என்பதற்கு நீ சாட்சியில்லை, கரண்ட் பில்தான் சாட்சி. கருவாடு வறுக்காதே, பக்கத்து வீட்டுக்காரன் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவான். அரிசி சுமக்காதே, இலங்கைத் தமிழர் கடையில் கிடைக்கும். ஷூ இங்கே வாங்காதே, முதல் மழையில் வாயைப் பிளந்துவிடும். உடம்புக்கு முடியவில்லை என்று போனில் சொல்லாதே, இங்கே இருப்பவர்களால் அழத்தான் முடியும். அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நான் என் ரஃப் நோட்டில் எழுதிக்கொடுத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் பெரியப்பா திடீரென்று குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் சொன்னார். "இதெல்லாம் கத்துக்கலாம்பா. கத்துக்க முடியாதது ஒண்ணு இருக்கு. மாப்ள காலைல ஆறு மணிக்குப் போனா ராத்திரிதான் வருவான். நாள் பூரா நாலு சொவரு. பேச ஒரு ஆள் கெடையாது. உங்க அண்ணி அதுலதான் ஒடிஞ்சி போயிட்டா. இவ பொறந்ததுலேருந்து பத்து பேருக்கு நடுவுல இருக்கறவ. தாங்குவாளா?"

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தாள்.

"ஒரு நாள் தனியா இருந்து காட்டட்டும்" என்றார் பெரியப்பா. "காலைல ஆறுலேருந்து சாயந்தரம் ஆறு வரைக்கும் மாடி ரூம்ல. டிவி கெடையாது, செல்போன் கெடையாது, ஒருத்தர்கிட்டயும் பேசக் கூடாது. முடியலன்னா சொல்லிடட்டும், டிக்கெட்ட அடுத்த வருஷம் எடுத்துக்கலாம். பாதில திரும்பி வர்றதுக்கு அது எவ்வளவோ மேல்."

பெரியப்பா சொன்னால் அப்பாவுக்கு வேதவாக்கு. ஆக, அத்தை பிரான்சுக்குப் போவதும் போகாததும் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கையில் இருந்தது. எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அவளை ஒரே ஒரு தரம் கதவைத் திறக்க வைத்துவிட்டால் போதும், அவள் எங்கேயும் போக மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் நீள ரொட்டி ஒன்றும் நாலு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு, குளியலறை சேர்ந்த மாடி அறைக்குள் போனாள். பெரியப்பா மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டுப் பேப்பரை விரித்தார். சித்தப்பாவும் சித்தியும் கல்யாணத்துக்குக் கடலூர் போயிருந்தார்கள், இரட்டைப் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு.

ஏழு மணிக்கெல்லாம் வீடு நாறிப்போய்விட்டது. மோட்டாரை நிறுத்த ஆளில்லாமல் தொட்டி வழிந்து வாசல் வரைக்கும் ஓடியது. தாத்தா எந்த மாத்திரை முன்னால், எந்த மாத்திரை பின்னால் என்று தெரியாமல் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கத்தினார். தம்பி பல் தேய்க்க மாட்டேன் என்றான், இரட்டைகள் குளிக்க மாட்டோம் என்றார்கள். அப்பா காயப்போட்ட வேட்டியை எடுக்கிற சாக்கில் படியேறி, மேலே பார்த்து, "ஸ்கூட்டர் சாவிய எங்கம்மா வெச்ச?" என்று குரல் கொடுத்தார்.

"பாரீசுலேருந்து பதில் வருமா உனக்கு?" என்று பெரியப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து அதட்டினார். "எறங்கு. நீயே தேடு."

பரீட்சை யாருக்கு என்பதே தெரியவில்லை. அம்மா ஒருத்திதான் மாடிப்பக்கம் போகவில்லை. ஒரே அடுப்படியில் நின்று பொங்கல், சாம்பார், அப்புறம் மத்தியானத்துக்கு மீன் என்று புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துச் செய்துகொண்டிருந்தாள். நான் போய், "அத்தைய கூப்பிடட்டாம்மா?" என்று ஆசையோடு கேட்டேன். "ஒரு நாளாவது இருக்கட்டும், வுடு" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெரியப்பாவின் தலை மார்பில் தொங்கியது. நான் செருப்பில்லாமல் படியேறினேன். கதவைத் தட்டி, தலை பின்னிவிடச் சொன்னேன். முட்டியில் அடிபட்டுவிட்டது என்றேன், ரத்தம் என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே இருக்கிறாளா என்றே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில், சொல்லக் கூடாததைச் சொன்னேன்.

"அத்தை, தாத்தா மயக்கம் போட்டு வுழுந்துட்டாரு!"

கதவு படாரென்று திறந்தது. பகலில் ஒருநாளும் அவிழ்ந்து பார்த்திராத அவள் தலைமுடி முதுகு பூரா ஈரமாக விரிந்து கிடந்தது. பின்னால் ஜன்னலோரம் பாய், பாயில் பாதி ரொட்டி, வாழைப்பழத் தோல். அவள் கையில் எதுவுமே இல்லை. கரண்டியோ துடைப்பமோ ஒரு பிள்ளையின் காதோ இல்லாமல் அத்தையின் கையை நான் அன்றுதான் பார்த்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து, "மோர் வெச்சீங்களா இல்லியா?" என்று தாத்தாவின் குரல் கீழேயிருந்து கணீரென்று வந்தது.

அத்தை என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குனிந்து என் கன்னத்தைத் தொட்டு, "கண்ணு, ஆறு மணிக்கு வந்துடறேன். அதுவரைக்கும் என்ன வுட்டுடு, இன்னா?" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. அப்புறம் உள்பக்கம் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடும்படி பெரியப்பா சொல்லவே இல்லை.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நேரே இறங்கிப் போய்ப் பெரியப்பாவை உலுக்கி எழுப்பி, அத்தை கதவைத் திறந்தாள், பேசினாள் என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். ஏன் திறந்தாள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன்.

ஆறு மணிக்கு அத்தை தலையை முடிந்துகொண்டு இறங்கி வந்தாள். கூடத்தில் எல்லோரும் இருந்தோம்.

"தெறந்தியாம்மா?" என்றார் பெரியப்பா, ரொம்ப மெதுவாக.

"தெறந்தேன்ணா. பேசவும் பேசினேன்" என்றாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை.

பெரியப்பாவின் முகம் வாடிவிட்டது. "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

அத்தை தலைமுடிச்சை இறுக்கிக்கொண்டாள். "கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றாள். "இன்னொரு வாட்டி இருந்து பழகிக்கிறேண்ணா. அடுத்த ஞாயித்துக்கெழம. அதுக்கடுத்த ஞாயிறும் இருக்கறேன்."

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பொழச்சிக்குவா இவ" என்று அப்பாவிடம் சொன்னார். "இந்த மனசு உங்க அண்ணிக்கு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் மூக்கைச் சிந்தினார். அடுத்தடுத்த இரண்டு ஞாயிறும் அத்தை மாடி அறைக்குள் இருந்தாள். தட்டினால்கூடத் திறக்கவில்லை. பெரியப்பா லீவு முடிந்து திரும்பும் முன் அவரே கூட நின்று டிக்கெட் எடுத்துக்கொடுத்தார்.

கஷ்டம் என்று அத்தை சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். குனிந்து என் கன்னத்தைத் தொட்டபோது நான் பார்த்தது கஷ்டப்படுகிற முகம் இல்லை. அதற்கு எனக்குக் கிடைத்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். அத்தைக்கு என்னைப் பிடிக்கவில்லை. வேறு எதற்காக ஒருத்தி உள்ளே தாழ்ப்பாள் போடுவாள்? ஒரு வாரம் அவள் பக்கத்தில் படுக்காமல் அம்மாவிடம் போய்ப் படுத்தேன். சென்னை விமான நிலையத்தில் எல்லோரும் அழுதார்கள், அத்தையும் அழுதாள், நான் மட்டும் உம்மென்று நின்றேன். அந்த வீம்பை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அவள் போன மூன்றாம் வாரம், ஒரு புதன்கிழமை, நான் பள்ளி விட்டு வந்து பையைக் கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. அம்மா ஓடிவந்து எடுத்தாள். அத்தை போனபிறகு அம்மா எல்லாவற்றுக்கும் ஓடித்தான் வந்தாள். கையில் மாவு. எங்கள் போனில் எதிர்முனையில் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்.

"இன்னாம்மா பண்ற?" என்றாள் அம்மா.

"சும்மா ஒக்காந்துகினு இருக்கேன் அண்ணி."

"மாப்ள?"

"வேலைக்குப் போயிட்டாரு. ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருவாரு."

"அப்ப நாள் பூரா தனியாவா இருக்க?"

"ஆமாண்ணி."

"ஒரு சத்தமும் இருக்காதா?"

"இருக்காது அண்ணி. ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க."

அத்தையின் போன் கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. அம்மா ரிசீவரை வைக்காமல் அப்படியே நின்றாள். உள்ளேயிருந்து தாத்தா மாத்திரைக்குக் கூப்பிட்டார். தம்பி கூப்பிட்டான். இரட்டைகளில் ஒன்று விழுந்து அலறியது, குக்கர் விசிலடித்தது. அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாவுக் கையோடு துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள். பாவம், அத்தை அங்கே ஒண்டியாகக் கிடக்கிறாளே என்றுதான் அம்மா அழுகிறாள் என்று அன்றைக்கு நினைத்து, நானும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அத்தைக்காக அழுதேன்.